சார் சொன்னது கேட்டுச்சா?

நம்ம காலேஜில் ஒரு ஸ்டூடண்டை மட்டம் தட்ட மூன்றே வார்த்தை போதும். "கிளாஸ கவனிக்கறதே இல்ல." இன்டர்னல்ஸில் மார்க் குறைந்தால் இதுதான். வைவாவில் வாய் திறக்காமல் நின்றால் இதுதான். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த அப்பா அம்மா முன்னாடியும் இதுதான். நான் இங்கே சொல்ல வருவது ஒன்றே ஒன்று: ஒருத்தர் முழுசாகக் கவனித்தும் அவருக்குக் கேட்காமல் போக முடியும். நம்ம கிளாஸ்ரூம்களில் அது தினமும் நடக்கிறது. அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை.

நம்பவில்லை என்றால் ஒரு வேலை செய்யுங்கள். மெயின் பிளாக்கில் காலியான ரூம் ஒன்று கிடைத்தால் உள்ளே போய் ஃபேனை ஆஃப் பண்ணிவிட்டு ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். கை தட்டும் சத்தம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் ரூம் அதை விடாது. சுவர், சீலிங், டைல்ஸ் தரை, மறுபடி சுவர் என்று அந்தச் சத்தம் மோதி மோதித் தேய்ந்துகொண்டே போவது உங்களுக்கே கேட்கும். இதைத் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் சயின்ஸ் புத்தகத்தில் எதிர்முழக்கம் என்று படித்திருப்பீர்கள். என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆட்கள் ரிவெர்பரேஷன் என்று படித்து எக்ஸாமில் எழுதிவிட்டு மறந்திருப்போம். (எதிர்முழக்கம் எவ்வளவு நல்ல வார்த்தை பாருங்கள். சொல்லும்போதே முழங்குகிறது.)

பாட்டுக் கச்சேரிக்கு இந்த முழக்கம் கொஞ்சம் வேண்டும். பேச்சுக்கு இது எமன். ஏனென்றால் பேச்சு என்பது ஒரு சத்தத்தை அடுத்து இன்னொரு சத்தம். சாதாரணமாகப் பேசும்போது ஒரு நொடிக்கு நான்கு, ஐந்து அசை வரும். அதாவது ஒவ்வொரு அசைக்கும் கிடைப்பது சுமார் 200 மில்லிவினாடி. முந்தின அசையின் வால் அதற்குள் ஓயவில்லை என்றால் அடுத்த அசை அந்த வாலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும்.

இதில் எல்லா எழுத்துக்கும் சம பலம் கிடையாது. உயிரெழுத்து என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். ஆ, ஈ, ஓ எல்லாம் வாயைத் திறந்து முழு சக்தியோடு வரும் சத்தம். க், ட், ப், ஸ், ஃப் எல்லாம் அதைவிட 10, 15 டெசிபல் சன்னமாக, சில மில்லிவினாடி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் சத்தம். ஆனால் எந்த வார்த்தை என்று அடையாளம் காட்டுவது பெரும்பாலும் இந்த நோஞ்சான்கள்தான். இங்கிலீஷில் 'கேன்' என்பதற்கும் 'கேன்ட்' என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு குட்டி ட். அது காணாமல் போனால் "இந்த அசம்ப்ஷனை இங்கே எடுக்க முடியாது" என்று சார் சொன்னது "எடுக்கலாம்" என்று நோட்டில் ஏறிவிடும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' கதை உங்களுக்கே தெரியும்.

இது காற்றில் நடக்கும் கதை. காதுக்குள்ளேயும் இதே கதை இன்னொரு முறை நடக்கிறது. பலமான ஒரு சத்தம் நின்ற பிறகும், அதைக் கேட்ட நரம்பு உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. அது தேறி வரும் வரை, அடுத்து வரும் சன்னமான சத்தம் அதற்குக் கேட்காது. ஃபார்வர்ட் மாஸ்கிங் என்று இதற்குப் பெயர். சுமார் 200 மில்லிவினாடி வரை இந்த விளைவு இருக்கும். கேமரா ஃபிளாஷ் பார்த்த கண்ணுக்கு அடுத்த நொடி எதிரே இருப்பவர் முகம் தெரியாது இல்லையா, கிட்டத்தட்ட அது போல. காதின் இந்த மாதிரி பலவீனங்களை அளந்து வைத்துக்கொண்டு, எப்படியும் கேட்காது என்று தெரிந்த சத்தத்துக்கு பிட்டுகளைச் செலவு பண்ணாமல் விடுவதால்தான் எம்பி3 ஃபைல் அவ்வளவு சின்னதாக இருக்கிறது. பாட்டில் நமக்கு லாபம். கிளாஸில் அதே பலவீனத்தின் மேல் எதிர்முழக்கமும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

டிஜே நைட்டுக்கு மறுநாள் முதல் ஹவரில் எல்லாமே பஞ்சு வைத்த மாதிரி கேட்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த விஷயம்தான், ஆனால் அளவு வேறு. அங்கே முந்தின சத்தத்தின் பாதிப்பு மில்லிவினாடிக் கணக்கில் போகாது, மணிக்கணக்கில் நீடிக்கும். 2009-ல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் செய்த ஆய்வு, கேட்கும் திறன் திரும்பி வந்துவிட்ட மாதிரி டெஸ்ட்டில் தெரிந்தாலும் உள்ளே நரம்பு இணைப்புகள் நிரந்தரமாகப் போயிருக்கலாம் என்று காட்டியது. ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் தலை வைத்து ஆடும் நண்பர்கள் இதைத் தனியாகத் தேடிப் படிக்கவும். நான் கிளாஸ்ரூமுக்குத் திரும்புகிறேன்.

நான் டேப் எடுத்துப் போய் எங்கள் கிளாஸை அளந்தேன். நீளம் 12 மீட்டர், அகலம் 9 மீட்டர், உயரம் 3.6 மீட்டர். கொள்ளளவு சுமார் 389 கன மீட்டர். சபைன் ஃபார்முலா ரொம்ப எளிது: கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி, ரூம் மொத்தமாக எவ்வளவு சத்தத்தை உறிஞ்சுகிறதோ அதால் வகுத்தால், சத்தம் 60 டெசிபல் இறங்க எத்தனை நொடி ஆகும் என்று வரும். பூசின சுவர், கான்கிரீட் சீலிங், டைல்ஸ் இதெல்லாம் உறிஞ்சுவது நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால் மொத்தப் பரப்புக்கும் சேர்த்து 11 யூனிட். திறந்த ஜன்னல்களுக்கு 6. உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் 0.45 வீதம் 60 பேருக்கு 27. ஆக மொத்தம் 44. கணக்குப் போட்டால் 1.4 நொடி வருகிறது.

அது அதிகமா குறைவா? இந்த அளவு கிளாஸ்ரூமுக்கு அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஏஎன்எஸ்ஐ எஸ்12.60 சொல்வது, ஆளில்லாமல் காலியாக இருக்கும்போதே 0.7 நொடிக்கு மேல் போகக் கூடாது என்று. நாம் 60 பேரின் சட்டையையும் ஷாலையும் சேர்த்துக் கணக்குப் போட்டும் அதற்கு இரண்டு மடங்கில் நிற்கிறோம். இன்னொரு வேடிக்கை: பாதி கிளாஸ் பங்க் அடித்தால் உறிஞ்சும் உடம்புகள் குறைந்து 1.4 என்பது 2 நொடி ஆகிவிடுகிறது. கட் அடித்தவனால் வந்தவனுக்கும் கேட்பதில்லை.

இந்த 1.4-ஐ அசைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு உயிரெழுத்து முடிந்து 100 மில்லிவினாடி கழித்து ஒரு மெய் வருகிறது என்றால், அதற்குள் எங்கள் ரூமில் பழைய சத்தம் இறங்கியிருப்பது 4 டெசிபல் சொச்சம். 0.7 நொடி ரூமில் என்றால் எட்டரை டெசிபல் இறங்கியிருக்கும். 200 மில்லிவினாடி கழித்து என்றால் எட்டரைக்குப் பதினேழு. 10, 15 டெசிபல் சன்னமான மெய்யெழுத்து இதில் எந்த ரூமில் தலை தூக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ ஃபர்ஸ்ட் பெஞ்ச்ல உக்காருங்கப்பா" என்பார்கள். பேசுபவரிடமிருந்து விலக விலக நேரடிச் சத்தம் குறையும், முழக்கம் ரூம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பியிருக்கும். இரண்டும் சமமாகும் தூரம் எவ்வளவு என்று எங்கள் ரூமுக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று, ஒன்றரை மீட்டர்தான் வருகிறது. போர்டுக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவிலேயே அது முடிந்துபோகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், முதல் 50 மில்லிவினாடிக்குள் திரும்பி வரும் சத்தத்தைக் காது அசல் சத்தத்தோடு சேர்த்துக்கொள்ளும், அது உதவிதான். அதனால் முதல் பெஞ்ச் கடைசி பெஞ்சைவிட நிச்சயம் மேல். ஆனால் 60 பேரும் முதல் பெஞ்சில் உட்கார முடியாது.

"மைக் போட்டா சரியாயிடும்" என்பது அடுத்த வாதம். இதில்தான் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் இதைச் சொல்பவர்களும் இன்ஜினியர்கள். சத்தத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் வாலும் இரண்டு மடங்காகும். முந்தின அசைக்கும் பிந்தின அசைக்கும் உள்ள விகிதம் அப்படியேதான் இருக்கும். ஃபேன் சத்தத்தை ஜெயிக்க மைக் உதவும், முழக்கத்தை ஜெயிக்க உதவாது. கத்தினால் இன்னும் மோசம். மனிதன் குரலை உயர்த்தும்போது உயிரெழுத்துகள்தான் அதிகமாக ஏறும், மெய்யெழுத்துகள் அந்த அளவு ஏறாது. 'ஸ்' என்பதை எவ்வளவு கத்திச் சொல்ல முடியும், சொல்லிப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு ஹவர் தொண்டை கிழியக் கத்திவிட்டு ஸ்டாஃப் ரூமில் வெந்நீர் குடிக்கும் மேடமும் இந்த ரூமால் பாதிக்கப்பட்டவர்தான்.

இவ்வளவு மோசம் என்றால் எனக்கு எப்படிக் கிளாஸ் புரிகிறது? நியாயமான கேள்வி. பதில்: பாதி நேரம் நான் கேட்பதில்லை, ஊகிக்கிறேன். 1970-ல் ரிச்சர்ட் வாரன் ஒரு சோதனை செய்தார். ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைப் பதிவு செய்து, அதில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற வார்த்தையின் நடுவில் இருந்த ஸ் சத்தத்தை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த எழுத்தும் விட்டுப்போகவில்லை என்றார்கள். இல்லாத ஸ்ஸை மூளை நிரப்பிக்கொண்டது, நிரப்பியதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

மூளை எதை வைத்து நிரப்புகிறது? அந்த மொழியோடு பல வருஷம் பழகின பழக்கத்தை வைத்து. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் காதில் விழுந்தவர்களுக்கு ஒரு வார்த்தையின் முன்பாதி கிடைத்தால் போதும், பின்பாதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு வருஷம் தமிழில் பிசிக்ஸ் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் நிஜமாகவே காதில் விழ வேண்டும். விழாத எழுத்துக்கு மாற்று கிடையாது. ஓட்டை விழுந்த வார்த்தையை அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சார் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். அப்போது அதுவும் போச்சு.

இது என் சொந்தக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1984-லேயே நபெலெக், டானஹியூ என்ற இருவர் எதிர்முழக்கத்தில் இங்கிலீஷ் மெய்யெழுத்துகள் யாருக்கு எப்படிக் கேட்கிறது என்று ஆராய்ந்தார்கள். முழக்கம் இருக்கும் இடத்தில், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட மற்றவர்கள் அதிகமாகத் தடுமாறினார்கள். அதன் பிறகு வந்த பல ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன.

என் ஹாஸ்டல் ரூம்மேட்டைப் பற்றி அவன் சம்மதத்தோடு சொல்கிறேன். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். முதல் வருஷம் கிளாஸ் முடிந்து வந்தால் நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருக்கும். "என்னடா எழுதலையா" என்றால் "கேக்குது, ஆனா என்னன்னு தெரியலடா" என்பான். அதே பயல் ராத்திரி ஹெட்செட் போட்டு அதே சிக்னல்ஸ் பேப்பருக்கு என்பிடிஇஎல் வீடியோ பார்ப்பான். அதே இங்கிலீஷ், அதே ஃபோரியர், வேகத்தைக் குறைக்காமல், சப்டைட்டிலை ஆஃப் பண்ணிவிட்டு. நோட்டு நிரம்பும். அவனுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் பிரச்சினை என்றால் அங்கேயும் புரிந்திருக்கக் கூடாது. அந்த வீடியோவில் பேசுபவர் சட்டையிலேயே மைக் இருக்கிறது, கேட்பவன் காதிலேயே ஸ்பீக்கர் இருக்கிறது. நடுவில் எங்கள் கிளாஸ் சுவர் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

2021-ல் இன்ஜினியரிங்கிலும் அந்த 7.5 சதவீதம் வந்தது. அரசு சீட்டும் கொடுத்தது, ஃபீஸையும் கட்டுகிறது. ஆனால் அந்த சீட்டில் வந்து உட்கார்ந்தவருக்குப் போர்டுப் பக்கத்திலிருந்து வரும் சத்தம் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்று கவலைப்பட வேண்டியது காலேஜ். அவர்களுக்கு என்று நாம் செய்வது பிரிட்ஜ் கோர்ஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். நல்லதுதான். அதையும் அதே 1.4 நொடி ரூமில் நடத்துகிறோம்.

இடையில் ஒரு சந்தோஷமான விஷயம். தமிழில் வல்லினம் வார்த்தைக்குக் கடைசியில் மொட்டையாக நிற்காது, ஒரு உ சேர்ந்துதான் நிற்கும். பாட்டு, காற்று, எழுத்து. அந்தப் பழக்கத்தில்தான் நம்ம ஊரில் பஸ்ஸு, கேட்டு, லிமிட்டு, சர்க்யூட்டு என்கிறோம். இப்படிப் பேசும் ஸ்டாஃபை மிமிக்ரி பண்ணி சிரிப்பது நமக்கு ஒரு பொழுதுபோக்கு. சத்தத்தின் கணக்கில் பார்த்தால் அந்த உ ஒரு அருமையான காரியம் செய்கிறது: வாய்க்குள்ளேயே அமுங்கிப்போகக்கூடிய ட்டை வெளியே தள்ளிவிடுகிறது. "லிமிட்" என்று ஸ்டைலாக முழுங்குபவரைவிட "லிமிட்டு" என்பவரின் ட் கடைசி பெஞ்சுக்குப் போய்ச்சேர வாய்ப்பு அதிகம் என்பது என் கட்சி. எங்கள் மெஷின்ஸ் சார் நோட்ஸ் எல்லாருடைய நோட்டிலும் முழுசாக இருப்பதற்கு அவருடைய 'ஸ்லிப்பு', 'டார்க்கு'களும் ஒரு காரணம்.

இந்தப் பிரச்சினையைச் சரிசெய்யும் வித்தையே ஒரு காலேஜ் லெக்சர் ஹாலில் பிறந்ததுதான், அதனால்தான் நாம் இன்னும் இப்படி இருப்பது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. 1895-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாக் ஆர்ட் மியூசியம் கட்டினார்கள். அதன் லெக்சர் ரூமில் யார் பேசினாலும் யாருக்கும் புரியவில்லை. பேசின வார்த்தை சுமார் ஐந்தரை நொடி உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. இதை ஏதாவது பண்ணு என்று பிசிக்ஸ் டிபார்ட்மெண்டில் ஜூனியரான வாலஸ் சபைனிடம் ஒப்படைத்தார்கள். அவர் செய்த வேலை நம்ம பசங்க செய்வது மாதிரியே இருக்கும். பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து சீட் குஷன்களை ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக ரூமில் அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் ஓய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். ஊர் அடங்கின பிறகுதான் அளக்க முடியும் என்பதால் நடுராத்திரி வேலை. விடிவதற்குள் குஷன்களைத் திருப்பி வைத்தாக வேண்டும். திறந்த ஜன்னல் வழியே போன சத்தம் திரும்பி வராது என்பதால் திறந்த ஜன்னலையே உறிஞ்சும் அளவுக்கு யூனிட்டாக வைத்துக்கொண்டார். ஆள் உட்கார்ந்தாலும் சத்தம் உறிஞ்சப்படும் என்று அளந்து சொன்னவரும் அவர்தான்.

இந்த ராத்திரி வேலைகளிலிருந்து வந்ததுதான் நான் மேலே போட்ட ஃபார்முலா. சுவரில் ஃபெல்ட் ஒட்டி அந்த ரூமைப் பேசக்கூடிய ரூம் ஆக்கினார். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹாலுக்கு இதே கணக்கை வைத்து ஆலோசனை சொன்னார். நம்ம நாட்டிலும் ஆடிட்டோரியம், கான்ஃபரன்ஸ் ஹால்களின் ஒலியமைப்புக்கு ஐஎஸ் 2526 என்று 1963-லேயே ஒரு கோட் இருக்கிறது. நம்ம ஆடிட்டோரியத்தில் அழகாகப் பேனல் அடித்து வைத்திருக்கிறார்கள். அங்கே வருஷத்துக்கு ஒரு ஆனுவல் டே, ஒரு சிம்போசியம். நாம் வருஷம் முழுக்க உட்காரும் ரூமில் பேனல் கிடையாது.

எவ்வளவு வேண்டும்? 1.4-ஐ 0.7 ஆக்க, உறிஞ்சும் அளவு 44-லிருந்து 89 ஆக வேண்டும். அதாவது இன்னும் 45 யூனிட். 50 மில்லிமீட்டர் கிளாஸ்வூல் போர்டு நூற்றுக்கு 85 பங்கு உறிஞ்சும் என்று வைத்தால் 53 சதுர மீட்டர். பின்சுவரில் தலைக்கு மேலே ஒரு 26, சீலிங்கில் கால்வாசி ஒரு 27. அவ்வளவுதான். போர்டுக்கு மேலே உள்ள சீலிங்கைத் தொட வேண்டாம், அங்கே பட்டுத் திரும்பும் சத்தம் சீக்கிரம் வருவதால் உதவுகிறது. கெடுதல் செய்வது பின்சுவர் வரை போய்விட்டு லேட்டாக வருவதுதான். இதோடு ஸ்டாண்டர்டின் 'காலி ரூம்' கணக்கை எட்டிவிட மாட்டோம், ஆனால் கிளாஸ் நடக்கும் நேரத்தில் சத்தம் பாதி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

இங்கே யூடியூப் இன்ஜினியர்கள் முட்டை அட்டையோடு வருவார்கள். வேண்டாம். அந்த மெல்லிய அட்டை உறிஞ்சுவது ரொம்பக் குறைவு, தீப்பிடித்தால் விபரீதம். மெல்லிசாக ஸ்கிரீன் துணி மட்டும் மாட்டுவதும் தப்பு, அதற்குக் காரணம் சுவாரசியமானது. மெல்லிய துணி உறிஞ்சுவது உயர் அதிர்வெண்ணை, அதாவது நம்ம நோஞ்சான் ஸ், ட், ஃப் சத்தங்களை. தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும் உயிரெழுத்தின் முழக்கத்தை அது சீண்டாது. கீழ் அதிர்வெண் சத்தம் மேல் அதிர்வெண் சத்தத்தை மறைப்பது சுலபம் என்பது காதின் இன்னொரு குணம். ஆக ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருப்பவனை நாமும் சேர்ந்து அமுக்கின கதையாகிவிடும். தடிமன் வேண்டும், பின்னால் கொஞ்சம் காற்று இடைவெளியும் வேண்டும். கிளாஸ்வூல் பிடிக்காவிட்டால் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் இருக்கிறது, திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் மலையாகக் கிடக்கிறது. இரண்டுமே போதிய தடிமனில் அழுத்தினால் நன்றாக உறிஞ்சக்கூடிய பொருட்கள். மெக்கானிக்கலும் டெக்ஸ்டைலும் சேர்ந்தால் ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரெடி. எத்தனை வருஷத்துக்குத்தான் ஸ்மார்ட் டஸ்ட்பின் செய்வது?

"இன்டஸ்ட்ரில போய் இங்கிலீஷ்லதானே பேசணும், பழகிக்கட்டும்" என்று ஒரு சீனியர் ஸ்டாஃப் என்னிடம் சொன்னார். பழக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மொழியைக் காது பழகுவது தெளிவாகக் கேட்டால்தான். என் ரூம்மேட்டின் காதைப் பழக்கியது அந்த ஹெட்செட். எங்கள் கிளாஸ் அவனுக்குப் பழக்கியது, புரியாதபோதும் தலையாட்டுவதை. அதே பழக்கத்தோடு பிளேஸ்மெண்டுக்குப் போய் உட்கார்ந்தால், ஹெச்ஆர் கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்கவும் வாய் வராது.

பேனல் வரும்வரை ஸ்டாஃப் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெதுவாகப் பேசுவது என்றால் ஒவ்வொரு எழுத்தையும் ஜவ்வாக இழுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். வார்த்தைகளுக்கு நடுவில் விடும் சின்ன இடைவெளிதான் வேலை செய்யும், அந்த நேரத்தில்தான் முந்தின சத்தத்தின் வால் சாகும். புது டெர்ம் வரும்போது போர்டில் எழுதுவது, எழுதும்போதே போர்டைப் பார்த்துப் பேசாமல் திரும்பிப் பேசுவது, இதெல்லாம் ஏற்கெனவே நல்ல வாத்தியார்கள் செய்வதுதான்.

நிர்வாகத்திடம் நான் கேட்பது எல்லா பிளாக்குக்கும் பேனல் அல்ல. முதல் வருஷம் உட்காரும் ஒரே ஒரு ரூம். போடுவதற்கு முன்னால் ஒரு நாள், போட்ட பிறகு ஒரு நாள், அந்த ரூமில் ஒரே ஸ்டாஃப் 50 வார்த்தை டிக்டேஷன் கொடுக்கட்டும். இரண்டு நாளும் வேறு வேறு வார்த்தைகள், ஒரே கஷ்டத்தில். தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் இரண்டு பேரின் மார்க்கையும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்போம். வித்தியாசம் வரவில்லை என்றால் பேனலைக் கழற்றி மியூசிக் கிளப்புக்குக் கொடுத்துவிடலாம், அவர்களும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு முன் மற்ற ரூம்களையும் அளக்க வேண்டியிருக்கிறது. மாடல் எக்ஸாம் முடிகிற சனிக்கிழமை மதியம், ஃபேன் எல்லாம் ஆஃப் பண்ணிவிட்டு, கிரவுண்ட் ஃப்ளோரிலிருந்து ஆரம்பிக்கிறோம். பலூனை ஊசியால் உடைத்து, சத்தம் ஓய்வதை ஃபோனில் ரெக்கார்ட் பண்ணி, அந்த ஃபைலிலிருந்து நேரம் எடுப்பதுதான் முறை. டேப், லேப்டாப், ஊசி எங்களிடம் இருக்கிறது. வருபவர்கள் ஆளுக்கு நாலு பலூன் கொண்டு வாங்க, பெரிய சைஸாகப் பார்த்து.